இரண்டு எர்த், ஒரு கேபிள்: கட்டடக் கட்டுப்பாட்டு வலையமைப்பில் தொடர்பு அறுந்த ஒரு நிகழ்வு

## பின்னணி

இலங்கையின் வடக்கில், ஏ9 வீதியை ஒட்டிய வன்னி நகரொன்றில், இரண்டு கட்டடங்கள் கொண்ட ஒரு மருத்துவ நிலையத்தில் நடந்தது இது. பழைய கட்டடம் மூன்று மாடி. சத்திரசிகிச்சைக் கூடம், சில்லர் (குளிர்நீர் இயந்திரம்), கண்காணிப்புக் கணினி எல்லாம் அதிலேயே. புதிய கட்டடம் பின்வளவில், ஏறத்தாழ 90 மீற்றர் தள்ளி. ஆய்வுகூடமும் மருந்துக் களஞ்சியமும் அங்கே. அதற்கு மின்சார சபையிடமிருந்து தனி இணைப்பு எடுத்திருந்தார்கள். ஆகவே தனி மீற்றர், தனி எர்த். இரண்டு கட்டடங்களின் எர்த்தையும் இணைக்கும் வயர் எதுவும் வளவில் இல்லை.

குளிரூட்டல், காற்றோட்டம் போன்றவற்றை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளான கன்ட்ரோலர்கள் இரண்டிலும் சேர்த்து 22: பழையதில் 14, புதியதில் 8. எல்லாமே பேக்நெட் எம்எஸ்டிபி என்ற தொடர்பு முறையில், ஒரே முறுக்கு வயர்ச் சோடியில், செக்கனுக்கு 38,400 பிட் வேகத்தில் பேசுபவை. 1995இல் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரேயின் 135ஆம் இலக்க நியமமாக வெளிவந்த அதே பேக்நெட்தான். எம்எஸ்டிபியில் ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கையில் இருக்கும் கன்ட்ரோலர்தான் பேசலாம். பேசி முடித்ததும் அடுத்த முகவரிக்குக் கொடுத்துவிட வேண்டும். பழைய கட்டடத்துக்கு 1 முதல் 14 வரை, புதிய கட்டடத்துக்கு 21 முதல் 28 வரை, வலையமைப்பைக் கண்காணிப்புக் கணினியோடு இணைக்கும் கேட்வேக்கு 0 என்று முகவரி வைத்திருந்தார்கள்.

அடியில் ஓடுவது ஆர்எஸ்-485. இரண்டு வயருக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்த்து 0 அல்லது 1 என்று முடிவெடுக்கும் முறை அது. வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிட்டால் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. கேட்கும் கன்ட்ரோலரின் சொந்த எர்த்திலிருந்து பார்த்தால், இரண்டு வயரும் −7 வோல்ட்டுக்கும் +12 வோல்ட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். வேலைத்தளத்தில் முதலாவதை அளப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டாவதை அளப்பவர்கள் குறைவு.

## முறைப்பாடு

சித்திரை மாதத்துப் பின்னேர இடிமின்னலில் புதிய கட்டடத்தில் இரண்டு கன்ட்ரோலர்கள் எரிந்துபோயின. அப்போது பராமரிப்பைப் பார்த்தவர்கள் அவற்றை மாற்றி, கேபிள் முனைகளையும் திருத்திவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இடையிடையே ஒன்றிரண்டு கன்ட்ரோலர் திரையில் சிவப்பாகி (தொடர்பு அறுந்ததன் அடையாளம்) மீளும். யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஆடியில் கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. காலமை ஒருதரம், பின்னேரம் ஒருதரம், புதிய கட்டடத்தின் எட்டும் ஒன்றாகச் சிவக்கும். கூடவே பழைய கட்டடத்திலும் ஐந்தாறு போகும். முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். அடிக்கடி விழுந்தது முகவரி 14. நாங்கள் போவதற்கு முன்பே அதை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். புதுக் கன்ட்ரோலரும் அதே மாதிரி விழுந்தது.

தொடர்பு போனாலும் கன்ட்ரோலர்கள் தத்தம் வேலையைத் தொடர்ந்து செய்யும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றோட்டம் ஒரு தடவையும் நிற்கவில்லை. பாதிக்கப்பட்டது, ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கி நடக்கும் வேலைகள். புதிய கட்டடம் கேட்கும் குளிர்நீர்க் கோரிக்கை சில்லருக்குப் போகாது. ஆய்வுகூடம் சூடாகும், இயந்திரங்கள் முறையிடத் தொடங்கும். அதைவிடக் கவலையானது மருந்துக் களஞ்சியம். அங்கே குளிர்சாதனம் நின்றுபோனால் வர வேண்டிய எச்சரிக்கை, அந்த முக்கால் மணித்தியாலத்தில் யாருக்கும் வராது.

புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை. அடுத்த சில நாட்கள் ஒரு சிவப்பும் இல்லை. சரி, தானாகத் திருந்திவிட்டது என்று நிலையத்தில் நினைத்தார்கள். வெயில் திரும்பியதும் குறையும் திரும்பியது. அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

## முதலில் எடுத்த முடிவுகள்

காரணம் தெரியும்வரை எந்தக் கன்ட்ரோலரையும் மாற்றுவதில்லை என்று பொறுப்பதிகாரியிடம் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. கையிருப்பில் இரண்டு புதுக் கன்ட்ரோலர்கள் இருந்தன, மாற்றிப் பாருங்களேன் என்றார். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் புதிய முகவரி, புதிய ஜம்பர் (கழற்றிப் போடக்கூடிய சிறு இணைப்பு), புதிய முறுக்காணி என்று இன்னும் நாலு சந்தேகத்தைக் கொண்டுவரும். இந்தக் கேபிளில் ஏற்கெனவே அப்படி நான்கு மாற்றங்கள் நடந்திருந்தன.

அதோடு, வேலை முடியும்வரை வலையமைப்பை நம்புவதில்லை என்றும் முடிவெடுத்தோம். சில்லரைக் கோரிக்கைக்குக் காத்திராமல் நேர அட்டவணைப்படி ஓடவிட்டோம். மின்சாரக் கட்டணம் கூடும், பரவாயில்லை. மருந்துக் களஞ்சியத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்த்துக் கொப்பியில் எழுதும்படி அங்குள்ள ஊழியர்களைக் கேட்டோம். எழுதினார்கள், ஒருநாளும் தவறவில்லை.

## 39 ஓம்

எல்லாக் கன்ட்ரோலர்களின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, சோடியின் இரண்டு வயருக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தோம். கேபிளின் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு 120 ஓம் தடை இருக்க வேண்டும். இரண்டும் சமாந்தரமாக வருவதால் 60 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். காட்டியது 39. அப்படியென்றால் மூன்றாவது 120 ஓம் ஒன்று எங்கேயோ இருக்கிறது.

இருந்த இடம், இடிமின்னலுக்குப் பிறகு மாற்றிய கன்ட்ரோலர்களில் ஒன்று. அந்த வகைக் கன்ட்ரோலரின் உள்ளேயே அந்தத் தடை ஒரு ஜம்பரோடு வருகிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஜம்பர் போட்டபடியே இருக்கும். கேபிளின் நடுவில் பொருத்துபவர் அதைக் கழற்ற வேண்டும்.

ஒரு தடைதானே, என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். யாரும் பேசாத நேரத்தில் சோடியை ஒரு நிலையில் பிடித்து வைப்பது கேட்வேயில் உள்ள இரண்டு 510 ஓம் தடைகள், 5 வோல்ட்டில். சோடியின் குறுக்கே 60 ஓம் இருந்தால் சோடியில் நிற்பது ஏறத்தாழ 278 மில்லிவோல்ட். 40 ஓம் ஆனால் 189. ஆர்எஸ்-485 கேட்கும் 200இன் கீழே போய்விட்டது. மீற்றரும் 190ஐ ஒட்டியே காட்டியது. பேச்சில்லாத இடைவெளியில் வரும் சின்னச் சத்தத்தையும் கன்ட்ரோலர்கள் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும் நிலை. சித்திரைக்குப் பிறகு இடையிடையே வந்த ஒன்றிரண்டு சிவப்புக்கு இது போதுமான காரணம்.

ஜம்பரைக் கழற்றினோம். 270க்கு ஏறியது. ஒன்றிரண்டாக விழுந்துகொண்டிருந்தவை நின்றன. காலமையும் பின்னேரமும் வரும் பெரிய சிவப்பு நிற்கவில்லை.

## கேபிளைப் பிரித்தது

புதிய கட்டடத்துக்குக் கேபிள் நுழையும் இடத்தில் சோடியைக் கழற்றி, வெட்டிய இரண்டு முனையிலும் தற்காலிகமாக 120 ஓம் போட்டோம். பழைய கட்டடம் தன்பாட்டில் ஓடியது, பிழையில்லை. புதிய கட்டடத்துக்கு ஒரு சிறிய கேட்வேயை வைத்து ஓட்டினோம், அங்கும் பிழையில்லை. மறுபடி சேர்த்தால் பின்னேரம் சிவப்பு. இதோடு 22 கன்ட்ரோலர்களும் சந்தேகத்திலிருந்து விலகின. கேபிளில் உடைவு, நீர்க்கசிவு என்றால் நேரம் பார்த்து வந்து போகாது. இரண்டு கட்டடமும் சேரும்போது மட்டும், அதுவும் சில நேரம் மட்டும் வரும் ஏதோ ஒன்று.

சேர்த்தபடி விட்டு, மின்தனிமை கொண்ட (இரண்டு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பில்லாத) யூஎஸ்பி அடப்டர் வழியாக மடிக்கணினியில் பேச்சைப் பதிவுசெய்தோம். கணினியை பற்றரியில்தான் ஓட்டினோம். சார்ஜரைச் செருகினால் அதன் எர்த்தும் கதைக்குள் வந்துவிடும்.

பதிவில் தெரிந்தது இது. 14 டோக்கனை 21க்குக் கொடுக்கிறது. 21 பேசுவது 14இன் காதில் விழவில்லை. மறுபடி கொடுக்கிறது, பிறகு கைவிட்டு 22, 23 என்று ஒவ்வொரு முகவரியாகத் தேடுகிறது. அந்தப் பக்கம், அரைச் செக்கனுக்கு மேல் டோக்கனைக் காணாத 21 தானே ஒரு டோக்கனை உண்டாக்கித் தன் கட்டடத்துக்குள் சுற்றவிடுகிறது. ஒரே சோடியில் இரண்டு டோக்கன். பக்கத்துப் பக்கத்துக் கோயில் இரண்டும் ஒரே நேரம் ஒலிபெருக்கி போட்ட மாதிரி. அந்த இரைச்சலில் பழைய கட்டடத்தின் ஐந்தாறும் விழுகின்றன.

14 ஏன் அடிக்கடி விழுந்தது என்பதும் இங்கேயே விளங்கியது. அது பழைய கட்டடத்தின் கடைசி முகவரி. அடுத்த கட்டடத்தோடு பேச வேண்டிய சுமை அதன் தலையில். எத்தனை தடவை மாற்றினாலும், அந்த முகவரியில் எதை வைத்தாலும், அதுதான் விழும்.

இன்னொன்றும் தெரிந்தது. சில நேரம் டோக்கன் கடந்து போய்விடுகிறது, தரவு மட்டும் போகவில்லை. டோக்கன் வெறும் 8 பைட். 38,400இல் 2 மில்லிசெக்கன்தான். 30 பைட் கொண்ட ஒரு சின்னப் பதிலுக்கு 8 மில்லிசெக்கன் வேண்டும். சிறியது தப்புகிறது, பெரியது சிக்குகிறது என்றால், குறுக்கே வருவது ஒரு தாளத்தோடு வந்து போகிறது. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். சந்தேகம் எர்த்தின் பக்கம் திரும்பியது.

## தண்ணி மோட்டர்

கேபிளின் ஷீல்ட், அதாவது வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறை, பழைய கட்டடத்தில் எர்த்தோடு சேர்ந்திருந்தது. புதிய கட்டடத்து முனை வெட்டி, ரேப் சுற்றி விடப்பட்டிருந்தது. அந்த முனைக்கும் புதிய கட்டடத்து எர்த்துக்கும் இடையே மீற்றரைக் கொழுவினால், இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தை நேராகப் பார்க்கலாம். காட்டியது 0.4 வோல்ட் ஏசி. அதை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது 11 வோல்ட். திரையும் சிவப்பு.

வளவைப் பார்க்கும் வயதான காவலாளி பக்கத்தில் நின்றார். அன்றைக்கு முழுக்க நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"தம்பி, தண்ணி மோட்டர் ஓடேக்கதான் உங்கட திரை சிவக்குது போல. ஒருக்கா நிப்பாட்டிப் பாக்கட்டே?"

"எவ்வளவு நேரம் ஓடும், ஐயா?"

"தாங்கி நிரம்புமட்டும். முக்கால் மணித்தியாலம் எடுக்கும். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

நிறுத்தினார். மீற்றர் 0.4க்கு இறங்கியது. போட்டார், 11. திரையும் அதோடு சேர்ந்து மாறியது.

புதிய கட்டடத்துக் குழாய்க்கிணற்றின் நீர்மூழ்கி மோட்டர் அது. எர்த் வயரில் கசிவு மின்னோட்டத்துக்கான கிளாம்ப் மீற்றரைப் போட்டபோது 110 மில்லிஅம்பியர். அந்தக் கட்டடத்து எர்த் கம்பியின் தடையை அளந்தோம், 100 ஓமை ஒட்டி இருந்தது. கிறவல் கலந்த மண், மாதக்கணக்கில் மழையில்லை. 110 மில்லிஅம்பியரை 100 ஓமால் பெருக்கினால் 11 வோல்ட். கணக்கு அப்படியே ஒத்துப்போனது. மோட்டரைக் கழற்றி, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரால் பார்த்தபோது முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

கசிவு வந்தால் மின்சாரத்தை அறுக்கும் ட்ரிப் ஸ்விட்ச் ஏன் விழவில்லை? அந்த வழியில் இருந்தது 300 மில்லிஅம்பியர் வகை. நியமப்படி அது பாதி அளவுவரை, அதாவது 150வரை, விழக்கூடாது. தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. ஆகவே மோட்டரை யாரும் சந்தேகிக்க இடமிருக்கவில்லை.

11 வோல்ட் ஏசி என்றால் உச்சத்தில் 15 வோல்ட்டுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் −7ஐயும் +12ஐயும் தாண்டிப் போய் வரும். இடையில் கேட்கக்கூடிய நேரம் 4 மில்லிசெக்கன் அளவில் இரண்டே இடைவெளிதான். 2 மில்லிசெக்கன் டோக்கன் அதற்குள் நுழைந்துவிடும், 8 மில்லிசெக்கன் பதில் நுழையாது. புரட்டாசி மழைக்குக் குறை மறைந்ததும் இதனால்தான். மண் நனைந்தால் எர்த்தின் தடை இறங்கும், அதே கசிவுக்கு வோல்ட்டும் இறங்கும்.

## வெட்டிய ஷீல்ட்

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நீர்மூழ்கி மோட்டரின் காப்பு ஒரே மாதத்தில் இப்படிப் போவது அரிது. கசிவு முந்திய கோடையிலும் இருந்திருக்கலாம். அப்போது ஏன் குறை வரவில்லை?

வெட்டிய ஷீல்ட் முனைக்குப் பக்கத்திலேயே, எர்த் கட்டையில் பழைய முறுக்காணித் தடம் ஒன்று இருந்தது. முதலில் ஷீல்ட் இரண்டு அந்தத்திலும் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. இடிமின்னலுக்குப் பிறகு வந்தவர்கள், ஒரு பக்கம் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும் என்ற விதிப்படி இந்த முனையை வெட்டியிருக்கிறார்கள். விதி சரி. அவர்கள் செய்ததும் சரி. ஆனால் அந்த மெல்லிய ஷீல்ட்தான் அதுவரை இரண்டு கட்டடத்து எர்த்தையும் இணைத்து வைத்திருந்த ஒரே உலோகம். மோட்டரின் கசிவு அதன் வழியாகப் பழைய கட்டடத்துக்குப் போய், வித்தியாசத்தை எழவிடாமல் வைத்திருந்தது.

சோதித்தோம். மோட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஷீல்ட் முனையை ஒரு கிளிப்பால் எர்த்தோடு தொட்டோம். 11 வோல்ட் ஒன்றுக்கும் கீழே விழுந்தது, திரை பச்சையானது.

## என்ன செய்தோம், ஏன்

அந்தக் கிளிப்பை அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்தது. விடவில்லை. 90 மீற்றர் இடைவெளியில் இரண்டு எர்த்தை ஒரு மெல்லிய ஷீல்ட்டால் கட்டினால், அடுத்த இடிமின்னலில் இரண்டுக்கும் இடையே எழும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் ஓடும். இடம் வன்னி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இல்லாத கிழமை குறைவு.

மோட்டரை நிறுத்தி, சுருள் மாற்றக் கொடுத்தோம். அது திரும்பும்வரை பவுசரில் தண்ணீர். இதற்கு விவாதமே தேவைப்படவில்லை. வலையமைப்பு ஒரு பக்கம் இருக்க, கசியும் மோட்டரை ஒரு மருத்துவ நிலையத்தில் ஓடவிடுவது சரியில்லை.

இரண்டு எர்த்தையும் தடித்த செப்பு வயரால் இணைப்பதைப் பற்றிப் பேசினோம். நல்ல வழிதான். ஆனால் இரண்டும் தனித்தனி மின்னிணைப்பு. ஒரு பக்கத்துப் பழுது மின்னோட்டம் மற்றப் பக்கத்துக்குப் போகும் என்பதால், மின்சாரப் பொறியியலாளர் ஒருவர் முழு நிறுவலையும் பார்த்த பிறகே செய்ய வேண்டிய வேலை. நிலையத்திடம் அதை எழுத்தில் கொடுத்தோம்.

வலையமைப்புக்கு, புதிய கட்டடத்தின் வாசலில், வாங்கிய செய்தியை மறுபடி அனுப்பும் மின்தனிமை கொண்ட ரிப்பீட்டர் ஒன்றைப் போட்டோம். இரண்டு பக்கத்துக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லாததால், அது தாங்கும் எல்லைக்குள் எர்த் எவ்வளவு விலகினாலும் ஒரு பக்கத்து வோல்ட் மற்றப் பக்கத்துக்குத் தெரியாது. ரிப்பீட்டர் வந்ததோடு கேபிள் மின்னியல்படி இரண்டாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக இரண்டு 120 ஓம், தனியாக ஒரு சோடி 510 ஓம். இதை மறந்தால் 39 ஓம் கதை வேறு எண்ணோடு திரும்பிவரும். நிலத்தடிக் கேபிளின் இரண்டு முனையிலும் மின்னெழுச்சிக் காப்பான் வைத்தோம். ஷீல்ட் பழைய கட்டடத்தில் மட்டும் எர்த்.

## பின்னர் நடந்தது

மோட்டர் திரும்பி வருவதற்கு முன்பே கொழும்பிலிருந்து ரிப்பீட்டர் வந்துவிட்டது. அது எங்களுக்கு வசதியாகப் போனது. புதிய கட்டடத்து எர்த்தில் ஒரு மின்குமிழின் வழியாக வேண்டுமென்றே சிறிய கசிவை உண்டாக்கி, காவலுக்கு ஆள் நிறுத்தி, எர்த் வித்தியாசத்தை 10 வோல்ட்வரை ஏற்றிப் பார்த்தோம். பதிவில் ஒரு பிழைச் சட்டகமும் (பழுதான செய்தியும்) இல்லை. இந்தச் சோதனையை மின்சார வேலை தெரிந்தவர் இல்லாமல் யாரும் செய்யக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் இரண்டு பெரிய இடிமின்னல். ஒன்றில் நிலத்தடிக் கேபிளின் புதிய கட்டடத்து முனையில் இருந்த காப்பான் எரிந்தது. கன்ட்ரோலர்கள் எட்டும் தப்பின. காப்பானை மாற்றியதோடு சரி. அடுத்த ஆடியில் எர்த்தின் தடை மறுபடி 100 ஓமை எட்டியது. திரையில் சிவப்பு வரவில்லை. சில்லர் பழையபடி கோரிக்கைக்கு ஓடத் தொடங்கியிருந்தது. மருந்துக் களஞ்சியக் கொப்பியை மட்டும் ஊழியர்கள் நிறுத்தவில்லை. இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

## மாற்ற வேண்டியவை

இந்த வேலையை முதலிலிருந்து செய்யக் கிடைத்தால், இரண்டு கட்டடத்துக்கும் இடையே செப்பு வயரே போகாது. ஒளியிழைக் கேபிள் போகும். எர்த், இடி இரண்டுக்கும் அதற்குச் சம்பந்தமில்லை. 90 மீற்றருக்கு விலையும் பெரிதல்ல. ஆனால் இருந்த நிலத்தடிக் குழாயில் தண்ணீர் நின்றது, மாரி தொடங்கப் போகிற நேரம், மறுபடி கிண்டுவதற்கு நாள் எடுக்கும். அதனால்தான் ரிப்பீட்டர். அந்தக் குழாயை என்றைக்காவது திறக்கும்போது ஒளியிழையைப் போட்டுவிடும்படி நிலையத்தின் கோப்பில் குறித்து வைத்திருக்கிறோம்.

தனித்தனி மின்னிணைப்புள்ள கட்டடங்களை ஒரே கேபிளில் கொழுவியிருக்கும் இடங்களுக்கு இப்போது போனால், எர்த் வித்தியாசத்தைக் கோடையில் ஒருதரமும் மாரியில் ஒருதரமும் அளக்கிறோம். மோட்டர், பம்ப், சில்லர் ஒவ்வொன்றையும் போட்டுப் போட்டுப் பார்க்கிறோம். 1 வோல்ட்டுக்கு மேல் போனால், வலையமைப்பில் குறை தெரியாவிட்டாலும், கசிவு எங்கே என்று தேடுகிறோம். புதுக் கன்ட்ரோலர் பொருத்துபவர் ஜம்பரின் நிலை, முகவரி, அந்த நேரத்துச் சோடியின் ஓம் ஆகிய மூன்றையும் பனலின் கதவுக்கு உட்புறம் ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஷீல்ட்டை எங்கே எர்த் செய்தது, எங்கே வெட்டியது என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி உண்டு. காவலாளி ஐயாவின் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் எழுதி வைத்தோம். மோட்டர் எப்போது ஓடும் என்று அவருக்குத்தான் தெரியும்.